உடைஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க

போன மாசியில் ஒரு நாள் சாயங்காலம். என்னிடம் தமிழ் படிக்க வரும் வங்கி அதிகாரி ஒருவர், டீ குடித்து முடித்துக் கண்ணாடி டம்ளரைக் கீழே வைக்கும்போது கை தவறிவிட்டது. சிமெண்ட் தரை. டம்ளர் நாலைந்து துண்டாகப் போனது. அவர் பதறி எழுந்து, "மேடம், நான் டம்ளரை உடைத்தேன்" என்றார்.

எழுவாய் சரி, வேற்றுமை உருபு சரி, காலம் சரி, விகுதி சரி. பரீட்சைத் தாளாக இருந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். ஆனால் தமிழ்க் காதுக்கு அந்த வாக்கியம் வேறு மாதிரி விழுகிறது. வேண்டுமென்றே எடுத்துத் தரையில் அடித்தவர் வந்து ஒப்புக்கொள்வது போல இருக்கிறது. துண்டுகளைப் பெருக்கிக்கொண்டே சொன்னேன். "தம்பி, உடைச்சேன்னு சொல்லாதீங்க. டம்ளர் உடைஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க."

கொஞ்சம் யோசித்தார். கான்பூர்க்காரர், தாய்மொழி இந்தி. சட்டென்று முகம் தெளிந்து, "அச்சா, டூட் கயா!" என்றார்.

துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். 'டூட்' என்றால் உடைவது. 'கயா' என்றால் போனது. இரண்டும் சேர்ந்தால் உடைந்துபோயிற்று, உடைஞ்சிடுச்சு. யாராவது வேண்டுமென்றே உடைத்திருந்தால் 'தோட் தியா' என்பார்கள். நாம் 'உடைச்சிட்டான்' என்போம். இரண்டு மொழியும் ஒரே மாதிரி இரண்டு வினைகளை ஒட்டிவைத்து, ஒரே மாதிரி பழியைப் போடுகின்றன, ஒரே மாதிரி பழியை நீக்குகின்றன. மூன்று மாதமாக நான் அவருக்கு இதையே ஆங்கிலம் வழியாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் உடைவதற்கும் உடைப்பதற்கும் ஒரே 'பிரேக்'தான். அந்தக் குறுகிய வாசலுக்குள் தலையைக் குனிந்து நுழையச் சொல்லி அவரைப் படுத்தியிருக்கிறேன். அவர் வீட்டிலேயே அகலமான கதவு ஒன்று திறந்து கிடந்தது.

அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த நிமிஷத்தில் என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவைத்த சில மொழியியல் புத்தகங்களைப் பற்றியும்.

நான் தமிழ் எம்.ஏ. பதினாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினேன். நன்னூலில் பெரும்பகுதி மனப்பாடம். இப்போது நாலு வருஷமாக திருச்சியில் வீட்டிலேயே சாயங்கால வகுப்பு. வருகிறவர்கள் எல்லாம் பெரியவர்கள். வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த வங்கிக்காரர்கள், ரயில்வேக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். யாருக்கும் தேர்வு கிடையாது, சான்றிதழ் வேண்டாம். காந்தி மார்க்கெட்டில் காய் வாங்க வேண்டும், கவுண்டரில் நிற்கும் பாட்டியிடம் பாஸ்புக்கைப் பற்றிப் பேச வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கேட்பது.

முதல் வருஷம் எனக்குச் சோதனையாக இருந்தது. கடையில் கிடைக்கிற 'இத்தனை நாளில் தமிழ்' வகைப் புத்தகங்களை வாங்கிப் பார்த்தேன். 'நான் போகிறேன், நீ போகிறாய், அவர்கள் போகிறார்கள்' என்று போகின்றன. காந்தி மார்க்கெட்டில் யாரும் அப்படிப் போவதில்லை. சரி, பேச்சுத் தமிழையே நேராகச் சொல்லிக்கொடுப்போம் என்றால், அவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. "உடைந்தது, உடைத்தது, ரெண்டும் எப்படி மேடம் வேற?" ஒன்று தன்வினை, ஒன்று பிறவினை என்பேன். "பார்த்ததும் எப்படித் தெரிஞ்சிக்கிறது?" பிறந்ததிலிருந்து பேசுகிற எனக்கு அது தானாகத் தெரிகிறது. அவருக்கு எப்படித் தெரியும்?

என்னுடைய பழைய பேராசிரியையிடம் போய்ப் புலம்பினேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். கு. பரமசிவம் எழுதிய 'இக்காலத் தமிழ் மரபு'. 1983இல் முதலில் வந்தது. எம்.ஏ. படித்த காலத்தில் அதன் பெயரைக் கேட்டிருக்கிறேன், திறந்து பார்த்ததில்லை. இரண்டு இரவில் படித்து முடித்தேன். நாம் தினமும் பேசுகிற, எழுதுகிற தமிழை எடுத்து மேஜைமேல் வைத்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு நல்ல ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியான நடை. மொழியியல் படிக்காதவர்களுக்கும் புரியும்.

என் கேள்விக்கு அங்கே வழி கிடைத்தது. சேர்ந்தார்கள், சேர்த்தார்கள். உடைந்தது, உடைத்தது. நிரம்பியது, நிரப்பினார். திரும்பினான், திருப்பினான். ஓடினான், ஓட்டினான். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மெல்லின ஓசை இருக்கிற பக்கத்தில் காரியம் அதனதன் பாட்டுக்கு நடக்கிறது. வல்லினம் வந்து அழுத்துகிற பக்கத்தில் யாரோ ஒருவர் அதை இன்னொன்றின்மேல் செய்கிறார். ஓடு, ஆடு மாதிரியான சொற்களில் ஒற்று இரட்டித்து அதே வேலையைச் செய்கிறது. பரமசிவம் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு தனி ஆய்வே எழுதியிருக்கிறார், 1979இல் வெளியானது. செயப்படுபொருள் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, வினையின் விளைவு யார்மேல் போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம். செய்பவர்மேலேயே விழுந்தால் ஒரு வடிவம், இன்னொருவர்மேல் போனால் இன்னொரு வடிவம்.

அடுத்த வகுப்பில் பத்து ஜோடிகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பதினோராவது ஜோடியை அவர்களே சொன்னார்கள். 'அடங்கு' என்று நான் சொன்னதும், இதுவரை அந்தச் சொல்லையே கேட்டிராத ஒரு ரயில்வே ஊழியர் 'அடக்கு' என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதற்குப் பிறகு நான் புத்தகம் தேட ஆரம்பித்தேன். தாமஸ் லேமன் என்ற ஜெர்மானியர் எழுதிய நவீனத் தமிழ் இலக்கணம் 1989இல் புதுச்சேரி மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தது. எழுத்துத் தமிழின் வாக்கிய அமைப்பை அத்தனை ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கிறார். பேச்சுத் தமிழுக்கு ஹெரால்ட் ஷிஃப்மன் எழுதிய இலக்கணம், 1999இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் போட்டது. ஆஷரும் இ. அண்ணாமலையும் சேர்ந்து எழுதிய பேச்சுத் தமிழ்ப் பாடநூல் 2002இல் வந்தது. மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969இல் தொடங்கப்பட்டது. மாநில மொழிகளை வேற்று மாநில ஆசிரியர்களுக்குக் கற்பிக்கிற வேலையை அது செய்துவந்தது, அதற்கான தமிழ்ப் பாடநூல்களும் அங்கே உண்டு. இவ்வளவு வேலை நடந்திருக்கிறது. பதினாலு வருஷம் தமிழ் நடத்திய எனக்கு இதில் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஷிஃப்மன் புத்தகத்தில் ஓரிடம் என்னை ரொம்ப நேரம் உட்காரவைத்துவிட்டது. பேச்சுத் தமிழில் சொல்லின் கடைசியில் வரும் மகர, னகர ஒற்றுகள் ஒற்றாக ஒலிப்பதில்லை. முன்னால் உள்ள உயிர் மூக்கொலியாக மாறி அதோடு நின்றுவிடுகிறது. படித்ததும் நான் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற வேகத்தில் 'அவன் வந்தான்' என்று சொல்லுங்கள். கடைசியில் நாக்கு நுனி எங்கே இருக்கிறது? மேல் அண்ணத்தைத் தொடவே இல்லை. காற்று மட்டும் மூக்கு வழியாகப் போய்விட்டது. இப்போது 'அவன் வந்தானா?' என்று கேளுங்கள். நாக்கு போய் அண்ணத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. பின்னால் ஓர் உயிர் ஒட்டியதும் ஒளிந்திருந்த ஒற்று வெளியே வந்துவிட்டது. 'மரம்' என்று சாதாரணமாகச் சொல்லும்போது உதடு ஒட்டாது. 'மரமா?' என்றால் ஒட்டும்.

இத்தனை வருஷமாக என் வாய் செய்துவந்த வேலை இது. எனக்குத் தெரியாது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு அதிசயம் நடந்தது. அதுவரைக்கும் 'நான்' என்பதை நாக்கை அழுத்தி 'நா-ன்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களிடம், "இந்தியில் ஆமாம் சொல்ற மாதிரி, அம்மாவைச் சொல்ற மாதிரி, மூக்கில முடிங்க" என்றேன். இந்தியில் அந்த இரண்டு சொல்லும் மூக்கொலி உயிரில்தான் முடியும். ஒரே முறையில் எல்லோருக்கும் வந்துவிட்டது. அன்று அவர்கள் சொன்ன 'நான்' அச்சு அசலாக நம் ஊர் 'நான்'. எழுத்தைப் பார்த்துப் படித்ததால் வந்த தடங்கல் அது. ஒலியை விவரித்துச் சொல்லியதும் தீர்ந்துபோயிற்று.

டம்ளருக்கு வருகிறேன்.

டம்ளர் உடைந்த அன்று ராத்திரி, பேராசிரியைக்குப் போன் பண்ணி 'டூட் கயா' கதையைச் சொன்னேன். "எமனோ படிச்சிருக்கியா?" என்றார். எமனோ கனடாவில் பிறந்தவர், அமெரிக்காவில் பெர்க்லியில் பேராசிரியராக இருந்தார். 1930களில் நம் நீலகிரிக்கு வந்து, தோடர்களோடும் கோத்தர்களோடும் இருந்து அவர்கள் மொழிகளைக் கேட்டு எழுதியவர். 101 வயது வரை வாழ்ந்து 2005இல் மறைந்தார். ஆக்ஸ்போர்டு பர்ரோவும் அவரும் சேர்ந்து 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி இன்றைக்கும் இந்தத் துறையின் அடித்தளம். 1984இல் திருத்திய பதிப்பு வந்தது. அது இப்போது சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

அந்த எமனோ 1956இல் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியா ஒரு மொழிப்பரப்பு என்பது அதன் சாரம். தமிழும் இந்தியும் வேறு வேறு குடும்பம். அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் வேறு வேறு வம்சத்து ஆட்கள் ஆயிரக்கணக்கான வருஷம் ஒரே தெருவில் குடியிருந்தால் என்ன ஆகும்? கைவைத்தியம், கோலம், சமையல், பழக்கவழக்கம் எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிடும். மொழிகளுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. நாம் 'காபி கீபி சாப்பிடுறீங்களா' என்போம். அவர்கள் 'சாய் வாய்' என்பார்கள். இந்த எதிரொலிச் சொல்லும் எமனோ காட்டிய அடையாளங்களில் ஒன்று. ட, ண மாதிரி நாக்கை மடித்துச் சொல்லும் எழுத்துகள் இன்னொன்று.

இருபது வருஷம் கழித்து, 1976இல், சிகாகோவைச் சேர்ந்த காலின் மசிக்கா இதை இன்னும் நுட்பமாகப் பார்த்து ஒரு புத்தகம் எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட கூறுகள் ஐந்து. வினை கடைசியில் வரும் சொல்வரிசை, பிறரைச் செய்யவைக்கும் வினை, 'போய்', 'வந்து' மாதிரி எச்சம், 'உடைந்துவிட்டது' மாதிரி கூட்டுவினை, 'எனக்குப் பசிக்கிறது' மாதிரி நான்காம் வேற்றுமையில் தொடங்கும் வாக்கியம்.

இந்த ஐந்தையும் படித்தபோது என் வகுப்பு முழுவதும் கண்முன் வந்தது. என் மாணவர்கள் ஆரம்பத்தில் 'நான் பசி இருக்கிறேன்' என்று சொல்வார்கள். ஆங்கிலத்தின் 'ஐ'யைப் பிடித்துக்கொண்டு வருவதால் வருகிற கோளாறு. இந்தியில் அவர்கள் என்ன சொல்வார்கள்? 'முஜே பூக் லகீ ஹை.' முஜே என்றால் எனக்கு. எனக்குத் தெரியும், 'முஜே மாலூம் ஹை'. எனக்குப் பிடிக்கும், 'முஜே பஸந்த் ஹை'. எனக்கு வேணும், 'முஜே சாஹியே'. நாலு வாரம் இழுத்த பாடம் நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. 'முஜே' வருகிற இடத்தில் 'எனக்கு' போடுங்கள் என்றேன், அவ்வளவுதான்.

இந்தியை வைத்துத் தமிழ் சொல்லிக்கொடுப்பதா என்று என் தோழி ஒருத்தி முகம் சுளித்தாள். அவள் மனசு எனக்குப் புரிகிறது. நானும் அதே மண்ணில் வளர்ந்தவள்தான். நான் சொன்னது இதைத்தான்: நம் ஊருக்கு வந்து நம் மொழியைக் கற்றுக்கொள்ள ஒருவர் உட்காருகிறார். அவரைச் சீக்கிரம் தமிழில் பேசவைக்கிற வழி எதுவோ அது தமிழுக்கு நல்லது. ஆங்கிலம் வழியாக ஆறு மாதம் தடுமாறி, வெறுத்துப்போய், "எல்லாரும் இங்க்லீஷ்ல பேசினா போதும்" என்று அவர் எழுந்து போய்விட்டால் நமக்குத்தானே நஷ்டம். தெலுங்கர் வந்தால் தெலுங்கை வைத்துச் சொல்லிக்கொடுப்பேன், வங்காளி வந்தால் வங்காளத்தை வைத்து.

எல்லா இடத்திலும் இந்தி கைகொடுக்காது, அதையும் சொல்ல வேண்டும். கான்பூர்த் தம்பி ஒரு நாள் கூட வேலை செய்கிறவர்களிடம் போய், "வாங்க, நாங்க டீ குடிக்கலாம்" என்றிருக்கிறார். அவர்கள் புரியாமல் நின்றிருக்கிறார்கள். யாரோடு போகிறார், நம்மைக் கூப்பிடுகிறாரா இல்லையா? இந்தியில் 'ஹம்' ஒன்றுதான். எதிரே இருப்பவரைச் சேர்த்துக்கொள்கிற 'நாம்', சேர்க்காமல் விடுகிற 'நாங்கள்' என்ற பிரிவு அங்கே இல்லை. நம் இலக்கணத்தில் முன்னிலையாரையும் உள்ளடக்கிய தன்மைப் பன்மைக்கு 'உளப்பாட்டுத் தன்மைப் பன்மை' என்றே பெயர் இருக்கிறது. தெலுங்கிலும் 'மனமு', 'மேமு' என்று இரண்டு உண்டு. இதில் ஒரு விசேஷம் பாருங்கள். அதே வகுப்பில் இருந்த குஜராத்திப் பெண்ணுக்கு இந்தப் பாடம் தேவையே படவில்லை. நான் விளக்கி முடிக்கும் முன்பே "அமே, ஆபணே" என்றார். குஜராத்தியிலும் மராத்தியிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. பக்கத்தில் இருந்த திராவிட மொழிகளின் சேர்க்கையால் வந்ததாக இருக்கலாம் என்று மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். தெருவில் குடியிருந்த கதைதான் மறுபடியும்.

இன்னோர் இடம் திணை. இந்தியில் கதவு ஆண், ஜன்னல் பெண். தமிழில் அந்தக் கவலை இல்லை, மேஜையும் நாற்காலியும் அஃறிணை என்றதும் நமக்கு எத்தனை பெரிய வசதி இருக்கிறது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

ஒட்டுவினை விஷயத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் நிற்க ஆசை. 'சாப்பிட்டேன்' என்றால் ஒரு செய்தி. 'சாப்பிட்டுட்டேன்' என்றால் முடிந்தது, இனி என்னைக் கூப்பிடாதே. 'சாப்பிட்டு வச்சேன்' என்றால் பின்னால் நேரம் கிடைக்குமோ என்னவோ என்று முன்யோசனையாகச் சாப்பிட்டது. 'சாப்பிட்டுத் தொலைச்சேன்' என்றால் மனசே இல்லாமல், யார்மேலோ உள்ள எரிச்சலோடு சாப்பிட்டது. சோறு ஒன்றுதான். பின்னால் ஒட்டுகிற வினையில் பேசுகிறவர் மனசு முழுக்க இருக்கிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை எடுத்துப் பாருங்கள். தொலை, வை, விடு, தள்ளு போன்ற சொற்களுக்கு முதல்வினையாக ஒரு பொருளும், துணைவினையாகத் தனிப் பொருளும் எடுத்துக்காட்டோடு கொடுத்திருக்கிறார்கள். 1992இல் முதல் பதிப்பு, 2008இல் இரண்டாவது, 2020இல் மூன்றாவது. பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணன் அதே 2020 நவம்பரில் காலமானார். தற்காலத் தமிழ் எப்படிப் புழங்குகிறதோ அப்படியே அதைப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஒரே விஷயத்துக்கு இத்தனை ஆண்டு உழைத்த மனிதர். என் மேஜைமேல் அந்த அகராதி எப்போதும் விரித்தபடி இருக்கும்.

இப்போது நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது போய்ச் சேர்கிறது என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். 2018இல் வந்த ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் துணைவினைகள் என்று ஒரு பாடமே வைத்திருக்கிறார்கள். திராவிட மொழிக்குடும்பம் பற்றியும் பாடம் இருக்கிறது. நான் படித்த காலத்தில் இலக்கணம் என்றால் புணர்ச்சியும் யாப்பும் அணியும்தான். தான் தினமும் பேசுகிற மொழிக்கு விதி இருக்கிறது என்று ஒரு பதினாலு வயதுப் பிள்ளைக்குப் பாடப்புத்தகமே சொல்வது சாதாரண விஷயம் இல்லை.

மொழியியல் வறண்ட துறை, இலக்கியம்தான் ஈரம் என்று நினைக்கிறவர்களுக்கு நான் ஏ.கே. ராமானுஜன் கதையைச் சொல்வேன். அவர் மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், இண்டியானா பல்கலைக்கழகத்தில், 1963இல். அதற்கு முந்தைய வருஷம், சிகாகோவில் ஒரு சனிக்கிழமை, பழந்தமிழுக்கு ஓர் எளிய இலக்கணப் புத்தகம் கிடைக்குமா என்று நூலகத்தின் அடித்தளத்தில் தேடிக்கொண்டிருந்தார். கையில் அகப்பட்டது உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. அதிலிருந்து அவர் செய்த மொழிபெயர்ப்பு 1967இல் புத்தகமாக வந்து, சங்கப் பாடல்களை உலகத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்தது. இலக்கணம் தேடிப் போன மனிதருக்குக் குறுந்தொகை கிடைத்தது. வினைமுற்று எங்கே நிற்கிறது, எச்சங்கள் எப்படி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வந்து கடைசியில் ஒரு சொல்லில் போய் முடிகின்றன என்று வாக்கியத்தை உள்ளே போய்ப் பார்க்கத் தெரிந்த கண் அவருடையது. அந்தக் கண்ணால்தான் அந்தக் கவிதைகளை வேறொரு மொழியில் அவரால் கட்ட முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

இனி என் ஆதங்கத்தைச் சொல்கிறேன்.

மேலே நான் பெயர் சொன்ன புத்தகங்களில் பாதிக்குமேல் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழைப் பற்றியவை, ஆனால் தமிழாசிரியர் கைக்கு வராதவை. வெளிநாட்டுப் பதிப்பகங்கள் போடுகிற கெட்டி அட்டை ஆய்வு நூல் நூறு டாலரைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. ஒரு தனியார் பள்ளி ஆசிரியையின் மாதச் சம்பளத்தில் அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நூலகத்தில் ஷிஃப்மன் புத்தகத்தைக் கேட்டேன். அட்டவணையில் பெயர் இருந்தது, அலமாரியில் புத்தகம் இல்லை. மூன்று முறை போய் வந்தேன். கடைசியில் பேராசிரியைதான் எங்கிருந்தோ வாங்கிக் கொடுத்தார்.

வேறு வழியில் நடக்க முடியும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. பெர்லினில் 2014இல் 'லாங்குவேஜ் சயன்ஸ் பிரஸ்' என்று ஒரு பதிப்பகத்தை மொழியியலாளர்களே சேர்ந்து ஆரம்பித்தார்கள். அவர்கள் போடுகிற ஒவ்வொரு புத்தகத்தையும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். நேபாளத்தின் யாக்கா, பாகிஸ்தான் வடக்கு மலைப்பகுதியின் பலூலா என்று நாம் பெயர்கூடக் கேட்டிராத மொழிகளுக்கெல்லாம் முழு இலக்கணம் அங்கே கிடைக்கிறது. துறை வல்லுநர்கள் படித்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் வெளியிடுகிறார்கள், தரத்தில் குறை இல்லை. ஒரு ராத்திரி பலூலா இலக்கணத்தைத் திறந்து எச்சங்களைப் பற்றிய பகுதியைப் படித்துக்கொண்டிருந்தேன். திருச்சியில் உட்கார்ந்து, ஒரு பைசா செலவில்லாமல்.

தமிழிலேயே நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. இலங்கையின் எம்.ஏ. நுஃமான் 1999இல் எழுதிய 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்', இன்றைய எழுத்துத் தமிழை மொழியியல் அறிவோடு, பழைய இலக்கண மரபையும் விடாமல், தெளிந்த தமிழில் விளக்குகிறது. தமிழ் கற்பிக்கிற ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்க வேண்டிய புத்தகம். மொழிபெயர்ப்புக்குச் சொல்ல வேண்டுமானால், தாமஸ் டிரவுட்மன் எல்லிஸைப் பற்றி எழுதிய நூல் ஆங்கிலத்தில் 2006இல் வந்தது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856. அதற்கு நாற்பது வருஷம் முன்பே, 1816இல், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று சென்னையில் இருந்த எல்லிஸ் சான்றுகளோடு காட்டிவிட்டார் என்பதைச் சொல்லும் புத்தகம். அதற்கு அடுத்த வருஷமே இராம. சுந்தரம் மொழிபெயர்ப்பில் 'திராவிடச் சான்று' என்று தமிழில் கிடைத்துவிட்டது. மனசு வைத்தால் ஒரே வருஷத்தில் நடக்கிறது.

மசிக்காவுக்கும் ஷிஃப்மனுக்கும் லேமனுக்கும் அது நடக்க வேண்டும். பரமசிவத்தின் ஆங்கில ஆய்வுக்கு நடக்க வேண்டும். மொழியியல் துறைகளில் இருக்கிற பேராசிரியர்களை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஆய்வை ஆங்கிலத்தில் எழுதுங்கள், உலகம் படிக்கட்டும். கூடவே அதன் சாரத்தை நூறு பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். அதைப் படிக்க நாங்கள் இருக்கிறோம். பள்ளிக்கூடங்களில், சாயங்கால வகுப்புகளில், சிங்கப்பூரிலும் டொரண்டோவிலும் வார இறுதியில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுக்கிற அம்மாக்களாக இருக்கிறோம். எங்களுக்குத் தமிழ்மேல் பாசம் நிறைய உண்டு. நாங்கள் பேசுகிற மொழி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் புத்தகம் கைக்குக் கிடைத்தால் போதும்.

கான்பூர்த் தம்பி இப்போது என்னை 'அக்கா' என்கிறார். போன வாரம் கவுண்டரில் ஒரு பெரியவர் கடன் கேட்டு வந்திருக்கிறார், ஆவணங்கள் போதவில்லை. முன்பெல்லாம் 'குடுக்க மாட்டோம்' என்று சொல்லிப் பெரியவர்களைப் புண்படுத்திவிடுவார். இந்தியின் 'நஹீ தேங்கே'யை அப்படியே கொண்டுவருவார். 'மாட்டோம்' என்பதில் மனமில்லை என்ற பொருள் வந்துவிடும் என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கு, "இப்போதைக்கு வழியில்லைங்கய்யா, இந்தப் பேப்பரைக் கொண்டுவந்துடுங்க, பண்ணிடலாம்" என்றாராம். பெரியவர் போகும்போது "தம்பி எந்த ஊரு, மதுரைப் பக்கமா?" என்று கேட்டாராம்.

'இக்காலத் தமிழ் மரபு' என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. பேராசிரியை கொடுத்தது ஒன்று, நான் வாங்கியது ஒன்று. திருச்சியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர்கள் யாராக இருந்தாலும் வந்து வாங்கிக்கொண்டு போகலாம். படித்துவிட்டுப் பதினைந்து நாளில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்து ஒருவர் காத்திருப்பார்.